‘விழிப்புணர்வு போதாது’ என்று இனியும் சொல்லாதீர்கள்



தோட்ட மக்களின் சுகாதாரத்தைப் பற்றி எங்கே கூட்டம் வைத்தாலும் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடுகிறது: “தோட்டத்து ஆட்களுக்கு விழிப்புணர்வு போதாது.” கம்பனிக்காரர் சொல்கிறார். அதிகாரி சொல்கிறார். கொழும்பிலிருந்து ஆய்வு செய்ய வருகிறவர் எழுதிக்கொள்கிறார். நம்மிடையே படித்து மேலே போன சிலரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். வருத்தம் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களாம். கிளினிக்கை இடையில் விட்டுவிடுகிறார்களாம். கொடுத்த மருந்தை ஒழுங்காகக் குடிப்பதில்லையாம். இதற்கெல்லாம் பரிகாரமாக ஒரு கருத்தரங்கு வைத்து, துண்டுப்பிரசுரம் கொடுத்து, தேத்தண்ணியும் பணிஸும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

வருத்தம் முற்றி வருகிறோம் என்பதும் கிளினிக்கை விடுகிறோம் என்பதும் உண்மை. காரணம்தான் பொய். நமக்கு அறிவு போதாமல் அல்ல, வழி இல்லாமல்தான் இது நடக்கிறது. வழியை அடைத்து வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் பழியை நம் தலையில் போடுகிறார்கள்.

ஊசிக்கு வராத தாய் யார்?

பிள்ளைக்கு எந்த மாதம் எந்த ஊசி என்று தெரியாத தாய் நம் லயங்களில் உண்டா? பிள்ளை மடுவத்தில் கிளினிக் என்று மிட்வைப் மிஸ் சொல்லிவிட்டால், மலையிலிருந்து கூடையை இறக்கிவைத்து ஓடிவந்து வரிசையில் நிற்பவர்கள் நம் பெண்கள்தான். ஒரு காலத்தில் லயத்துக் காம்பராவில் மருத்துவச்சியின் கையில்தான் பிள்ளை பிறந்தது. இன்று தோட்டப்புறத்திலும் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. நம்மை யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. மிட்வைப் லயத்துக்கு வந்தார், பெயரைப் பதிந்தார், நாளைச் சொன்னார். நாம் போனோம்.

இப்போது அதே தாயைப் பாருங்கள். பிள்ளையின் ஒரு ஊசியையும் தவறவிடாதவர், தன்னுடைய பிரஷர் கிளினிக்கை மூன்று மாதமாக விட்டிருப்பார். அவருடைய அறிவு ஒன்றுதான். ஊசி வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் வருகிறது, பிரஷர் மருந்து டவுனில் இருக்கிறது. ஊசிக்கு அரை மணித்தியாலம் போதும், பிரஷர் மருந்துக்கு ஒரு நாள் வேலை போகிறது. ஊசி போட வரும் மிஸ்ஸுக்கு நம் முகம் தெரியும். டவுன் ஆஸ்பத்திரியில் நாம் சொல்வதை விளங்கிக்கொள்ள ஆளில்லை. எந்தத் துண்டுப்பிரசுரம் இதை மாற்றும்?

‘இலவச’ வைத்தியத்தின் விலை

இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு இல்லை. அது நாட்டு மக்கள் அனைவரும் பெற்ற பெரிய உரிமை, அதை நாம் மதிக்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரிக் கதவு வரை போய்ச் சேருவதற்கு நாம் கொடுக்கும் விலையை யாரும் கணக்கெடுப்பதில்லை. எங்களில் சிலர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர்கள். ஆகவே கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

2024இல் சம்பள நிர்ணய சபையின் மூலம் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அதையே வைத்துக்கொள்வோம். சம்பளம் கூடினால் கிளினிக் நாளில் இழப்பதும் சேர்ந்தே கூடும். சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மாதம் ஒரு கிளினிக். காலை பிரட்டுக்கு முன்பே டவுனுக்குப் போனால்தான் நம்பர் கிடைக்கும். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பின்னேரமாகிவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. வருடத்துக்கு 12 நாள், 12 பேர், 16,200 ரூபா. புருஷன், பெண்சாதி இரண்டு பேருக்கும் வருத்தம் என்றால் 32,400 ரூபா. வயதான தாயைக் கூட்டிக்கொண்டு மகள் போனால் மகளின் பேரும் போகும். இதன் கீழே ஓட்டோக் கூலியை எழுதுங்கள். அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், உங்களுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே பார்மசியில் வாங்கிய காசை எழுதுங்கள். இரத்தப் பரிசோதனையை வெளியே செய்துவரச் சொன்னால் அதையும் எழுதுங்கள். கூட்டிப் பார்த்தால் ‘இலவசம்’ என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் என்ன அர்த்தம் என்று விளங்கும்.

மாதச் சம்பளக்காரர் கிளினிக்குக்குப் போனால் லீவு. நாட்சம்பளக்காரர் போனால் பட்டினி. மாதக் கடைசியில் அரிசிக்கா மருந்துக்கா என்று முடிவெடுக்கும் ஒரு தாய், தனக்கு நாளைக்குக் காலைப் பிடித்துக்கொள்ளும், கண் மங்கும் என்று தெரிந்துகொண்டேதான் அரிசியைத் தெரிவு செய்கிறாள்.

1990க்கு அழைத்த பிறகு

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவசமாக அம்புலன்ஸ் வருகிறது. நல்ல சேவை. நம் ஆட்கள் பலரின் உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பல டிவிசன்களில் அது பிரதான வீதிச் சந்தி வரைதான் வரமுடியும். அதற்கு மேலே இருப்பது கல்லும் குழியுமான தோட்டத்துப் பாதை. ‘மேல் டிவிசன், ஏழாம் நம்பர் லயம்’ என்று நாம் சொல்லும் விலாசம் எந்த வரைபடத்திலும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம் கடிதங்கள் தோட்ட ஒபீசுக்குத்தான் வருகின்றன. விலாசமில்லாத வீட்டுக்கு அம்புலன்ஸ் எப்படி வழி கண்டுபிடிக்கும்?

கடந்த வருடம் எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டியது. டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. வைத்திய உதவியாளருக்கு அன்று வேறொரு தோட்டத்தில் முறை. லொறி கொழுந்தை ஏற்றிக்கொண்டு பெக்டரிக்குப் போயிருந்தது. மூச்சுத் திணறிய ஒரு அக்காவைக் கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சந்தியில் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச்சேர ஒன்றரை மணித்தியாலம். அந்த அக்கா பிழைத்துக்கொண்டார். அதனால் பத்திரிகையில் வரவில்லை, விசாரணையும் இல்லை.

குளவிக் கொட்டு எல்லோரையும் ஒரே மாதிரி தாக்காது. சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, பிரஷர் விழுந்துவிடும். அந்த நேரத்தில் வேண்டியது அட்ரினலின் ஊசி. தேயிலை மலையில் குளவி கொட்டும் என்பது நூறு வருடமாக எல்லாத் துரைமாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்த ஊசியும், அதைப் போடத் தெரிந்த ஒருவரும் வேலை நேரம் முழுவதும் தோட்டத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்காதவர்கள் நமக்கு விழிப்புணர்வு போதாது என்கிறார்கள்.

பாதைக்கும் ஒரு கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். நம் வாக்கு வேண்டும், நம் பாதை வேண்டாம். மலையகத்தின் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனி அந்தச் சாட்டு செல்லாது. உங்கள் பிரதேச சபை உறுப்பினரை அடுத்த முறை கண்டால் கேளுங்கள்.

மகள் மொழிபெயர்க்கும் வருத்தம்

கிளினிக் நாளில் எங்கள் பள்ளிக்கூட இடாப்பில் சில பெயர்களுக்கு நேரே வரவு இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்குச் சுகமில்லை என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் சிங்களம் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அம்மாவுக்கோ பாட்டிக்கோ மொழிபெயர்ப்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

8ஆம் தரத்தில் படிக்கும் மகளை, சில நேரம் மகனை, பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் கர்ப்பப்பை வருத்தத்தை எப்படிச் சொல்வாள்? சொல்ல மாட்டாள். “வயிறு வலிக்குதுன்னு சொல்லு” என்பாள். டொக்டர் வயிற்று வலிக்கு மருந்து எழுதுவார். வருத்தம் அப்படியே இருக்கும். அடுத்த முறை அவள் போகமாட்டாள். மருந்துப் பையில் காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று எழுதியிருப்பதும் அவளுக்கு வாசிக்க முடியாத எழுத்தில்தான். இதற்குப் பெயர்தான் “மருந்தை ஒழுங்காகக் குடிப்பதில்லை” என்பது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் படிவத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்த பெண்களும் நம்மிடையே உண்டு.

1987இல் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியானது. நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அலுவலரிடம் தமிழில் பேசி அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தருகிறது. நாம் சலுகை கேட்கவில்லை, எழுதிவைத்த சட்டத்தைத்தான் கேட்கிறோம்.

“தமிழ் தெரிந்த தாதிமார் கிடைப்பதில்லை” என்பார்கள். ஏன் கிடைப்பதில்லை? தாதியர் பயிற்சிக்குப் பெரும்பாலும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடங்களில் எத்தனையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது? எத்தனையில் இரசாயனவியல் ஆசிரியர் இருக்கிறார்? பிள்ளைகளுக்கு வழியை அடைத்துவிட்டு, பிறகு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இல்லாத ஒரு ஆசிரியர் பத்து வருடத்துக்குப் பிறகு வாட்டில் இல்லாத ஒரு தாதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கள டொக்டர்மாரும் தாதிமாரும் நமக்கு எதிரிகள் அல்ல. நாலு தமிழ் வார்த்தை படித்துக்கொண்டு அன்பாகப் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். ஒரு வாட்டுக்கு இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவர் செய்யும்போது அவர்களுக்கும் பொறுமை போகிறது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துத் தாயும் இதே உடைந்த பாதையில்தான் வருகிறாள். நமது கேள்வி ஆட்களை அமர்த்தாதவர்களிடம்.

டிஸ்பென்சரி யாருடையது?

இது நேற்று வந்த சிக்கல் அல்ல. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். வந்த ஆட்கள் நோயில் செத்தால் வேலைக்கு ஆளில்லாமல் போகும் என்பதே அவர்கள் கவலை. 1912இல் இன்னொரு சட்டம் வந்தது. லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பது, தோட்டத்தில் யாருக்கு வருத்தம் என்று அறிந்து கவனிப்பது, கடுமையான நோயென்றால் உடனே வைத்தியருக்கு அறிவிப்பது, எல்லாம் துரையின் கடமை என்று அதில் எழுதினார்கள். எழுதிய கடமையைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாருங்கள்.

அந்த நாளில் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. நாட்டு மக்களின் சுகாதாரம் அரசாங்கத்தின் கையில். நம் சுகாதாரம் தோட்டத்தின் கையில். 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் என்றார்கள். சிலவற்றை ஏற்றார்கள். மற்ற இடங்களில் கட்டடம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஆளும் மருந்தும் இல்லை. இன்று கேட்டால் கம்பனி ட்ரஸ்டைக் காட்டுகிறது, ட்ரஸ்ட் சுகாதார அமைச்சைக் காட்டுகிறது, அமைச்சு மாகாண சபையைக் காட்டுகிறது, மாகாண சபை “அது தனியார் தோட்டம்” என்கிறது. தனியார் தோட்டமா? நிலம் அரசுடையது. கம்பனிகள் குத்தகைக்காரர். தன் நிலத்தில் வாழும் தன் பிரசைகளுக்கு டொக்டர் அனுப்ப அரசாங்கம் குத்தகைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளரை நாம் குறைசொல்லவில்லை. இரண்டு மூன்று தோட்டங்களை ஒருவரே பார்க்கிறார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். கொழுந்து கூடிய மாதத்தில் “இவருக்கு மூன்று நாள் ஓய்வு வேண்டும்” என்று துண்டு எழுத அவர் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். வருத்தத்தைப் பார்க்கிறவர் நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கக்கூடாது.

இன்னொரு கதவையும் இப்போது மூடுகிறார்கள். “செக்ரோலில் பேர் இல்லை.” இன்று தோட்டத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் செக்ரோலில் இல்லை. ஓய்வுபெற்ற தாத்தா இல்லை. டவுன் கடையில் வேலை செய்யும் மகன் இல்லை. கொழும்பிலிருந்து சுகமில்லாமல் திரும்பிய மகள் இல்லை. நாற்பது வருடம் கொழுந்து பறித்த பாட்டிக்கு, வேலையை விட்ட மறுநாளே தோட்டத்து மருந்தில் பங்கு இல்லையென்றால், அந்த மருந்து அவளுக்காகக் கொடுத்ததா, அவளுடைய கைக்காகக் கொடுத்ததா?

இதன் பலனை நாங்கள் முதலாம் தரத்து வகுப்பில் பார்க்கிறோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 100க்கு 32 பேர். அந்தப் பிள்ளைகள்தான் முன்வரிசை வாங்கில் கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தாயின் இரத்தச்சோகை, குடிக்கும் தண்ணீர், ஒற்றைக் காம்பராவின் புகை, தவறிய கிளினிக் எல்லாம் அந்த உயரத்தில் சேர்ந்திருக்கின்றன.

நாம் கேட்பது

1. தோட்டச் சுகாதாரம் முழுவதையும் அரசாங்கச் சுகாதார சேவைக்குள் எடுக்க வேண்டும். கட்டடத்தை மட்டுமல்ல, ஆளோடும் மருந்தோடும் எடுக்க வேண்டும். எந்தத் தோட்டம் எந்தத் திகதிக்குள் என்று எழுத்தில் தர வேண்டும்.

2. அதுவரை, வேலை நேரம் முழுவதும் ஒவ்வொரு தோட்டத்திலும் பயிற்சி பெற்ற ஒருவரும், குளவிக் கொட்டுக்கான அவசர மருந்தும், ஒரு வாகனமும் இருக்க வேண்டும். செலவு கம்பனியுடையது.

3. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைய பேர் கொடுக்க வேண்டும்.

4. பிரஷர், சீனி கிளினிக் மாதம் ஒருமுறை டிவிசனுக்கே வர வேண்டும். பிள்ளைகளின் ஊசி வருவதுபோல இதுவும் வரலாம்.

5. தோட்ட மக்கள் போகும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் எல்லா முறையிலும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும். மருந்துப் பையும் சம்மதப் படிவமும் தமிழிலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

6. ஒவ்வொரு லயத்துக்கும் வீட்டு இலக்கமும் பாதைப் பெயரும், அம்புலன்ஸ் ஏறக்கூடிய பாதையும் வேண்டும்.

“கம்பனிக்கு நட்டம்” என்பார்கள். நட்டம் என்று சொல்லிக்கொண்டே குத்தகையை விடாமல் பிடித்திருக்கிறவர்களிடம் நாம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அது வேறு நாளைக்கு. உயிரைக் காக்கும் செலவை இலாபம் வந்த பிறகு பார்ப்போம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இந்த மாதமே செய்ய வேண்டியது

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். மாதர் தலைவி பொறுப்பெடுக்கட்டும். எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வருத்தம், டிஸ்பென்சரி திறந்திருந்ததா, வாகனம் எப்போது கிடைத்தது, ஆஸ்பத்திரி போய்ச்சேர எவ்வளவு நேரம், செலவு எவ்வளவு, தமிழில் பேச ஆள் இருந்ததா என்று எழுதுங்கள். ஆட்களின் பெயரும் பெண்களின் வருத்த விபரமும் அதில் வேண்டாம். நேரமும் காசும் போதும். “உங்களுக்கு விழிப்புணர்வு போதாது” என்று அடுத்தமுறை சொல்லும்போது இந்தக் கொப்பியை மேசையில் வைப்போம்.

வேலை நேரத்தில் அடிபட்டாலோ குளவி கொட்டினாலோ டிஸ்பென்சரிப் புத்தகத்தில் அன்றே பதியச் செய்யுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. பதிவு இல்லையென்றால் “அது வீட்டில் நடந்தது” என்று சொல்லிவிடுவார்கள்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எத்தனை பேர், உங்கள் தோட்ட டிஸ்பென்சரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அதை அரசு எப்போது ஏற்கப்போகிறது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும். ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரையோ டீச்சரையோ பிடியுங்கள். மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

கொப்பிகளையும் வந்த பதில்களையும் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாத் தோட்டங்களின் கணக்கையும் ஒன்றாகக் கட்டி, நிர்வாகத்திடமும் சுகாதார அமைச்சிடமும் சேர்ந்தே போவோம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் பேருக்குப் பக்கத்தில் இனிக் கிளினிக் நாளும் இருக்கும்.